தனக்கு வந்தால்தான் தெரியும்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போதித்த எனக்கு, இந்தச் சிறிய வாக்கின் பொருள் அறுபத்து மூன்றாம் வயதில்தான் விளங்கிற்று. அதுவும் தலையில் அன்று, இடுப்பில்!

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, குளியலறையில் நிறைந்திருந்த வாளியைக் குனிந்து தூக்கினேன். இடுப்பில் ஏதோ அறுந்தது போன்று இருந்தது. நிமிரவும் இயலவில்லை, உட்காரவும் இயலவில்லை. மூன்று நாள் கட்டிலே கதி என்று கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் எண்ணெய் என்றார். ஒருவர் ஒற்றடம் என்றார். மற்றொருவர் ஆசானிடம் போய் உருவிவிடச் சொன்னார். நான் மருந்துக் கடையில் இடுப்புப் பட்டை ஒன்றை வாங்கி இறுகக் கட்டிக்கொண்டேன். வலி குறைந்ததேயன்றி முற்றும் நீங்கவில்லை. ஆறு வாரம் கழிந்த பின்னரும் கோவிலில் முழங்காலிட்டால் எழுந்திருக்க முன்னிருக்கையைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் எனக்குச் சிறுவயது நினைவு ஒன்று அடிக்கடி வந்தது. எங்கள் பெரியம்மா தாயின் வயிற்றிலிருந்து கால் முன்னே வரப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் முதுகுச் சுளுக்கு நீங்கும் என்பது ஊரார் நம்பிக்கை. விடியற்காலையில் எங்கள் திண்ணையில் யாராவது ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய முதுகில் மெல்லக் கால் பதிப்பார். எழுந்தவர்களில் பெரும்பாலோர், "இப்போது தேவலை" என்றே சொல்லிச் சென்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மிதிக்காவிட்டாலும் நாலு நாளில் தேவலையாகியிருக்குமோ என்று கேட்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்நிலையில்தான் பெங்களூரில் பணிபுரியும் என் மருமகன் கைத்தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினார். மேசைமேல் படுத்திருந்த ஒருவரின் இடுப்பை ஒருவர் சட்டென்று திருக, 'படக்' என்று ஓசை கேட்டது. படுத்திருந்தவர் புன்னகையுடன் எழுந்தார். "மாமா, இதற்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். வெளிநாட்டில் முறையாகப் படித்தவர் ஒருவர் இங்கே இருக்கிறார். அத்தைக்கும் கழுத்து வலியும் தலைவலியும் இருக்கிறதே, இருவருமாக வாருங்களேன்" என்று எழுதியிருந்தார்.

அத்தைக்கும் தலைவலி இருக்கிறதே! அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் மனைவி முப்பது ஆண்டுகளாகத் தையல் தைப்பவள். பள்ளிச் சீருடைகளும், முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை ஆடைகளும் தைத்துத்தான் எங்கள் இரு பெண்களின் படிப்புக்குத் துணை நின்றாள். மாலையானால் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தைலம் தடவுவாள். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். "தலைவலிதானே" என்பது என் வாடிக்கையான மறுமொழி. என் இடுப்பு வலிக்கோ வீடே எழுந்து நின்றது!

பெங்களூருக்குப் போகும் முன்னர் அருகிலேயே ஒரு நிலையம் இருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் சென்றோம். முதுகெலும்பை நேராக்கினால் நீரிழிவு, ஆஸ்துமா, குழந்தையின்மை ஆகிய யாவும் நீங்கும் என்று சுவரில் எழுதியிருந்தது. அங்கிருந்தவர் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார். மனைவியைப் பார்க்கவே இல்லை. "இருவருக்கும் இருபத்து நான்கு நாள், பணத்தை முன்னதாகவே கட்டிவிட்டால் சலுகை உண்டு" என்றார். நான் பையில் கை வைத்துவிட்டேன். என் மனைவி மெல்ல என் காதருகே, "அளவு எடுக்கும் முன்பே துணி எத்தனை மீட்டர் என்று சொல்லுகிறாரே, இவர் எப்படித் தைப்பார்?" என்றாள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். வாழ்நாள் முழுவதும் நான் கற்பித்த கணக்கைவிட அந்த ஒரு கேள்வியில் அறிவு மிகுதியாக இருந்தது.

அதன் பின்னர், எதையும் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வது என்று உறுதி கொண்டேன். நான் அறிந்துகொண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

இந்தச் சிகிச்சை முறை பிறந்த இடம், அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டாவன்போர்ட் என்னும் ஊர். காந்த சிகிச்சை செய்து வந்த டேனியல் டேவிட் பால்மர் என்பவர், 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், தாம் இருந்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளரான ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகெலும்பில் புடைத்திருந்த ஓரிடத்தை அழுத்தியதாகவும், பதினேழு ஆண்டுகளாகக் காது கேளாதிருந்த அவருக்குக் கேட்கத் தொடங்கியதாகவும் கூறினார். சாமுவேல் வீட் என்னும் போதகர், 'கையால் செய்வது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இம்முறைக்குப் பெயர் சூட்டினார். 1897-இல் பால்மர் தம் பள்ளியைத் தொடங்கினார். முதுகெலும்பு இடம் பிசகுவதால் நரம்புகள் தடைப்பட்டு, நோய்களில் மிகப்பெரும்பாலானவை உண்டாகின்றன என்பது அவருடைய கோட்பாடு. உரிமம் இன்றி வைத்தியம் செய்ததற்காக 1906-இல் அவர் சிறைக்கும் சென்றார்.

மருத்துவர்களுக்கும் இவர்களுக்கும் நீண்ட காலம் பகை இருந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் இவர்களை ஒதுக்கிவைக்க முயன்றது சட்டத்துக்குப் புறம்பு என்று 1987-இல் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 1974-இல், லூசியானா மாநிலமும் உரிமம் வழங்க இசைந்ததோடு அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இத்தொழில் சட்டத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டது. பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி, பதிவு பெற்றவரே அப்பெயரைச் சூட்டிக்கொள்ள முடியும். அந்தப் பதிவு மன்றமே 2010-இல், எலும்பு இடம் பிசகுவதே நோய்க்குக் காரணம் என்ற பழைய கோட்பாட்டுக்கு ஆராய்ச்சிச் சான்று இல்லை என்று அறிவித்தது குறிப்பிடத்தக்கது. ஆகவே நீரிழிவையும் ஆஸ்துமாவையும் முதுகைத் திருகித் தீர்ப்பதாகச் சொல்பவரை நாம் நம்ப வேண்டியதில்லை.

அப்படியானால் இம்முறை வெறும் ஏமாற்றா? அதுவும் இல்லை. இடுப்பு வலியைப் பொறுத்தவரை, கையால் முதுகெலும்பை இயக்கும் சிகிச்சைக்கு ஓரளவு பயன் உண்டு என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளுகிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு முதலில் மாத்திரையை நாடாமல் வெப்ப ஒற்றடம், உருவுதல், இத்தகைய கைச்சிகிச்சை ஆகியவற்றை முயலலாம் என்கிறது. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி, உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே இதைச் செய்க என்று வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு உதவக்கூடியவற்றுள் இதையும் சேர்த்தது. ஆனால் இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவது வேண்டாம் என்றது. நான் காசு கொடுத்து வாங்கிய பட்டையை அன்றே அலமாரியில் வைத்தேன்.

ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லும் முடிவு எளியது. இச்சிகிச்சை, பிசியோதெரபி, உடற்பயிற்சி ஆகியவை தரும் பயன் ஏறத்தாழ ஒன்றே. ஒன்று மற்றொன்றைவிட அற்புதமானது அன்று. புதிதாக வரும் பிடிப்பு பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானாகவும் குறையும். எங்கள் பெரியம்மாவின் புகழுக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த 'படக்' என்னும் ஓசைக்கும் எலும்பு இடத்தில் போய் அமர்வதற்கும் தொடர்பில்லை. விரலில் நெட்டி முறிக்கும்போது எழும் அதே ஓசைதான் அது. மூட்டு சட்டென்று விரியும்போது அதனுள் இருக்கும் நீர்மத்தில் வாயுக்குழி உண்டாவதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் ஸ்கேன் கருவியால் படம் பிடித்துக் காட்டினார்கள். ஓசை பெரிதானால் குணமும் பெரிது என்று எண்ணுவது தவறு.

இவ்வளவும் படித்த பின்னர், ஐப்பசியில் இரவு இரயிலேறிப் பெங்களூர் சென்றோம். மருமகன் சொன்னவர் இளைஞர்; நிதானமானவர். என்னிடம் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். காலில் மரமரப்பு உண்டா? சிறுநீர் கழிப்பதில் தொல்லை உண்டா? காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் உறங்கவிடாத வலி இவை உண்டா? முன்பு காசநோயோ புற்றுநோயோ வந்ததுண்டா? நம் நாட்டில் காசநோய் முதுகெலும்பையும் பற்றுவதுண்டு. அதைச் சுளுக்கென்று எண்ணி உருவுவது பெருந்தீங்கு என்று விளக்கினார். பின்னர் என் இடுப்பை இருமுறை அழுத்தித் திருப்பினார். வலிக்கவில்லை, ஓசை கேட்டது, எழுந்தபோது இலேசாக இருந்தது. "இந்த இலேசு சில நாளைக்குத்தான். நடையும், நான் காட்டும் மூன்று பயிற்சிகளுமே உங்களுக்கு நிலையான மருந்து" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்து என் மனைவி அமர்ந்தாள். நான் அருகில் இருந்தேன். அவர் கேட்கக் கேட்க அவள் சொன்னவை எனக்கே புதியவையாக இருந்தன. மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்றார். "போடாத நாளை எண்ணுவது எளிது" என்றாள் அவள். மாதவிலக்கு எந்த வயதில் நின்றது என்றார். நாற்பத்தொன்றில் என்றாள். எலும்பு முறிந்ததுண்டா என்றார். சென்ற ஆண்டு துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி உட்கார்ந்தபோது மணிக்கட்டு முறிந்ததைச் சொன்னாள். அந்தக் கையை நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட அழைத்துச் சென்றவன் நான்தான். அவ்வளவு சிறிய விழுதலில் ஏன் முறிந்தது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த இளைஞர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "அம்மா, உங்கள் கழுத்தில் நான் கை வைக்கமாட்டேன். முதலில் மருத்துவமனைக்குச் சென்று எலும்பின் அடர்த்தியைச் சோதியுங்கள். தலைவலிக்கும் மருத்துவரைப் பாருங்கள்" என்றார். மனைவியைப் பார்த்ததற்குக் கட்டணமும் வாங்கவில்லை. அன்றைய தினம் அவர் செய்த சிகிச்சைகளில் சிறந்தது, செய்ய மறுத்த அந்தச் சிகிச்சையே என்பது என் துணிபு.

கழுத்தின் காரியம் இடுப்பைப் போன்றதன்று என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். மூளைக்கு இரத்தம் ஏற்றும் நான்கு பெரிய குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளின் வழியே நூல் கோத்தது போல் ஏறிச் செல்கின்றன. கழுத்தைச் சட்டென்று திருகும்போது மிக அரிதாக இக்குழாயின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் நேரிட்டதுண்டு. அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் இதை ஆராய்ந்து, கழுத்துத் திருகலுக்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு காணப்படுகிறது. திருகலே காரணம் என்று நிறுவப்படவில்லை. எனினும் சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றது. குழாய் கிழியத் தொடங்கும்போதே கழுத்து வலியும் தலைவலியும் வரும். அந்த வலிக்காகவே ஒருவர் கழுத்தைத் திருகிக்கொள்ளப் போகவும் கூடும். இதுதான் இதிலுள்ள சிக்கல். சவரக் கடையில் முடி வெட்டிய பின் கழுத்தை இருபுறமும் நெட்டி முறிக்கக் கொடுப்பதை நான் அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒற்றைத் தலைவலிக்கு இச்சிகிச்சை பயன்படுமா என்று நார்வே நாட்டில் ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், அதுபோல் பாவனையாகச் செய்யப்பட்டவர்களுக்கும் வலி நாட்கள் குறைந்தன. ஆகவே பயன் கையில் இல்லை, நம்பிக்கையில் இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

ஊர் திரும்பியதும் மருத்துவமனைக்குச் சென்றோம். என் மனைவிக்கு எலும்பு மெலிவு நோய் இருப்பது சோதனையில் தெரிந்தது. அவளுடைய முதுகெலும்பை யாராவது வன்மையாக அழுத்தியிருந்தால்! அந்த நிலையத்தில் நான் பணம் கட்டியிருந்தால்! அதை நினைக்கும்தோறும் என் உள்ளம் நடுங்குகிறது.

தலைவலிக்கு மருத்துவர் சொன்ன காரணம் எங்களைத் திகைக்கவைத்தது. வலிக்காக உட்கொண்ட மாத்திரையே வலியை வளர்த்திருந்தது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேலும், பல மருந்துகள் கலந்த மாத்திரையைப் பத்து நாளுக்கு மேலும், மூன்று மாதத்துக்கு மேலாகப் போட்டு வந்தால், அதனாலேயே தலைவலி நிலைத்துவிடும் என்றார். அவருடைய மேற்பார்வையில் அதை நிறுத்தினோம். முதல் பத்து நாள் வலி முன்னைவிடக் கடுமையாக வந்தது. அவள் இருட்டறையில் படுத்திருந்தாள். நான் கஞ்சி வைத்தேன், பாத்திரம் துலக்கினேன். முப்பத்தாறு ஆண்டு இல்லறத்தில் அவளுடைய தலைமாட்டில் நான் உட்கார்ந்திருந்தது அப்போதுதான்.

இப்போது அவளுடைய கண்ணாடியை மாற்றியிருக்கிறோம். தையல் இயந்திரத்தை உயரமான பலகைமேல் ஏற்றி, கழுத்து குனியாதபடி செய்திருக்கிறேன். பிசியோதெரபி படித்த பெண் ஒருவர் கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி கற்பித்தார். எலும்புக்கென்று சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதை ஒரு குவளை நீருடன் விழுங்கி அரைமணி நேரம் படுக்கக்கூடாது. அந்த அரைமணியில் இருவரும் வீட்டைச் சுற்றி நடக்கிறோம். என் இடுப்புக்கும் அதுவே பயிற்சி.

இந்தச் சிகிச்சைக்குப் போகலாமா, வேண்டாமா என்று கேட்கும் பங்கு மக்களுக்கு என் மறுமொழி இதுவே. வெறும் இடுப்புப் பிடிப்பென்று மருத்துவர் உறுதி செய்தால், முறையாகப் படித்தவரிடம், உடற்பயிற்சியோடு சேர்த்து முயலலாம். அற்புதத்தை எதிர்பார்க்க வேண்டாம். கழுத்தைச் சட்டென்று திருகுவதற்கு இசையாதிருப்பது நலம். பயிற்சியும் மென்மையான கைச்சிகிச்சையும் போதும். முதியோர், எலும்பு மெலிந்தோர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் போகவே கூடாது. காலில் வலுவிழப்பு, மலசலம் அடக்க இயலாமை, தொடைகளின் நடுவே உணர்வின்மை, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, இடி விழுந்தாற்போல் திடீரெனத் தாக்கும் தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை இரட்டித்தல் ஆகியவை தோன்றினால் எந்தக் கைவைத்தியத்தையும் நாடாமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு, என்ன ஆபத்து உண்டு, எத்தனை முறைக்குள் பயன் தெரியும் என்று கேளுங்கள். கேள்விக்குச் சினம் கொள்பவரையும், அளவு எடுக்கும் முன்பே விலை பேசுபவரையும் விட்டு விலகுங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும், அது கணவன்மார்க்கு. தலைவலி வந்த நாட்களைக் குறித்துவைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் மறைமாவட்ட நாட்காட்டியில், திருநாட்களின் பக்கத்திலேயே, என் மனைவி பென்சிலால் சிறு வட்டம் இடுகிறாள். முதல் மாதம் பத்தொன்பது வட்டங்கள். சென்ற மாதம் ஆறு. முற்றும் நீங்கிவிடவில்லை, நீங்கும் என்று யாரும் வாக்களிக்கவும் இல்லை. ஆயினும் மாலையில் வீடு திரும்பியதும் நான் முதலில் பார்ப்பது அந்த நாட்காட்டியைத்தான். வட்டம் இருந்தால், "இன்று எப்படி இருந்தது?" என்று கேட்கிறேன். அவள் சொல்லுகிறாள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.